கலெக்டர் கனவும் கைவிடாத பட்டமும்

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த கையோடு கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும் குடும்பங்கள் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஏராளம். பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் இங்கே ஒரே கேள்விதான். சிவில் சர்வீஸ் எழுதப்போகும் பிள்ளையை எந்த டிகிரியில் சேர்ப்பது?

சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நாகர்கோவில்காரர் ஒருவர் கேட்டார்: “மவ கலெக்டராவணும்னு நிக்கா சார். எதப் படிச்சா லேசா இருக்கும்? காலேசுக்குப் போவாண்டாம், தபால்ல படிச்சிட்டு கோச்சிங்குக்குப் போனா போதும்னு சொல்லுகானுவ.”

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் காதில் விழுவதெல்லாம் அதுதான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு இன்று கிடைக்கிற யோசனைகளில் மிக ஆபத்தானது இதுவே.

விதிப்படி பார்த்தால் யு.பி.எஸ்.சி. எந்தப் பட்டத்தையும் ஏற்கிறது; தபால் வழிப் பட்டமும் செல்லும். இறுதியாண்டு மாணவரும் முதல்நிலைத் தேர்வு எழுதலாம். முதன்மைத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்கு 500. அந்தப் பாடம் கல்லூரியில் படித்ததாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 2024 தேர்வில் முதலிடம் பெற்றவர் உயிர்வேதியியல் பட்டதாரி, எழுதியது அரசியல் அறிவியல். மூன்றாம் இடம் பிடித்தவர் வேலூரில் பொறியியல் முடித்து, தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுத்தவர். அவ்வளவு தூரம் போவானேன்? நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த ஹரிதா வி. குமார் படித்தது இதே திருவனந்தபுரத்தின் பார்ட்டன்ஹில் அரசு பொறியியல் கல்லூரியில். 2012 தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்றபோது, அன்றைய முறைப்படி அவர் எடுத்த இரண்டு விருப்பப் பாடங்கள் பொருளாதாரமும் மலையாள இலக்கியமும்.

ஆக, கலெக்டராவதற்கென்று தனி டிகிரி கிடையாது. வரலாறு, அரசியல் அறிவியல் படித்தவர்களுக்குப் பொது அறிவுத் தாள்களில் ஒரு முன்னிலை கிடைக்கும் என்பார்கள். உண்மைதான். ஒரு வருட உழைப்பில் மற்றவர்களும் எட்டிவிடக்கூடிய முன்னிலை அது.

என் கவலை வேறு. 2024 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர். முதல்நிலைத் தேர்வுக்கு வந்தவர்கள் 5,83,213. அதிலிருந்து முதன்மைத் தேர்வுக்குத் தேறியவர்கள் 14,627, நேர்முகத்துக்குப் போனவர்கள் 2,845, கடைசியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,009. இந்த எண்களை மேடையில் யாரும் வாசிப்பதில்லை. வெற்றி பெற்றவருக்குச் சால்வை போர்த்தும் நேரத்தில் மற்ற லட்சக்கணக்கானவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை.

பொதுப் பிரிவினருக்கு ஆறு வாய்ப்பு. இருபத்தொன்றில் தொடங்கினால் இருபத்தாறோ இருபத்தேழோ ஆகிவிடும். அந்த வயதில் ஒரு பெண் வீட்டுக்குத் திரும்பும்போது அவள் கையில் என்ன இருக்கிறது? வகுப்பில் உட்கார்ந்து, ஆசிரியரோடு வாதாடி, ஆய்வகத்திலோ நூலகத்திலோ வளர்ந்த ஒரு பாடம் இருந்தால் அவள் எம்.ஏ. போவாள், யு.ஜி.சி.யின் நெட் தேர்வு எழுதுவாள், ஒரு வேலையில் நிமிர்ந்து நிற்பாள். பெயருக்கு வாங்கிய பட்டம் என்றால் வேலை நேர்முகத்தில் முதல் கேள்விக்கே அது உதிர்ந்துவிடும். யு.பி.எஸ்.சி. ஆளுமைத் தேர்விலும் அதே கதிதான். படித்த பாடத்தைப் பற்றியும் அங்கே துருவுவார்கள். அதற்கு 275 மதிப்பெண்.

கையில் காசில்லாமல், பகலில் கடையில் நின்றுகொண்டு தபாலில் படிக்கும் பிள்ளைகளை நான் சொல்லவில்லை. அவர்கள் உழைப்புக்குத் தலை வணங்குகிறேன். கைக்கெட்டும் தூரத்தில் கல்லூரி இருந்தும், கோச்சிங்குக்கு நேரம் வேண்டுமென்று அதைத் துறப்பதைத்தான் சொல்கிறேன். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பாளையம். அங்கே யுனிவர்சிட்டி கல்லூரி. பக்கத்திலேயே 1829-இல் தொடங்கிய மாநில மத்திய நூலகம். இவற்றை விட்டுவிட்டு மூன்று வருடம் ரேங்க் ஃபைல் கைடை மனப்பாடம் செய்வது என்ன கணக்கு?

கேரளத்தில் 2024 முதல் நான்காண்டுப் பட்டம் வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம், விரும்பினால் நான்காம் ஆண்டும் படித்து ஹானர்ஸ் வாங்கலாம். தேர்வு எழுத மூன்றாண்டுப் பட்டமே போதும். ஆனாலும் நான்காம் ஆண்டை வீண் என்று உதறாதீர்கள். நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் வாங்கியவர்கள் முதுகலை இல்லாமலே நெட் எழுதலாம். தேர்வு கைவிட்டால் ஏற ஒரு பாதை அது.

தமிழ் வீடுகளுக்கு இன்னொரு வார்த்தை. பி.ஏ. தமிழ் என்றதும் முகம் சுளிக்கிறோம், வேறு எதுவும் கிடைக்காதவர்களின் டிகிரி என்று. யுனிவர்சிட்டி கல்லூரியிலேயே தமிழ்த்துறை இருக்கிறது. யு.பி.எஸ்.சி. விருப்பப் பாடங்களில் தமிழ் இலக்கியமும் உண்டு. மூன்று வருடம் ஆழ்ந்து படித்தவருக்கு அந்த 500 மதிப்பெண் சொந்த மண். கலெக்டர் ஆகவில்லையென்றாலும் பி.எட். முடித்துத் தமிழாசிரியர் ஆகலாம். பாடம் கைவிடாது என்பதற்கு அங்கேயே ஒரு சாட்சி உண்டு: ‘மனோன்மணீயம்’ தந்த சுந்தரம் பிள்ளை அந்தக் கல்லூரி மகாராஜா கல்லூரியாக இருந்த காலத்தில் அங்கே கற்பித்தது தத்துவம். இடையில் சில ஆண்டுகள் திருவிதாங்கூர் அரசின் வருவாய்த்துறையில் பதவி வகித்துவிட்டு, மறுபடி தத்துவப் பேராசிரியராகவே திரும்பினார். பதவி போனாலும் பாடம் கூட நின்றது.

அப்பாக்களே, அம்மாக்களே, கல்லூரி விருப்பப் பட்டியலில் வரிசை போடும் முன் பிள்ளையை எதிரே உட்கார வைத்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: தேர்வே இல்லையென்றாலும் இந்தப் பாடத்தை மூன்று வருடம் ஆசையாகப் படிப்பாயா? ஆம் என்று சொல்லும் பாடத்தை முதலில் போடுங்கள்.