வேகம் ஓகே... முழங்கை தாங்குமா? இளம் பேஸ்பால் பிட்சரை எப்படி எடைபோடுகிறார்கள்?

2008-ல் இந்தியாவில் ஒரு வித்தியாசமான போட்டி நடந்தது. பேஸ்பாலைக் கையில் எடுத்து வேகமாகவும் நேராகவும் எறிய வேண்டும், அவ்வளவுதான். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறிதல் வீரர் ரிங்கு சிங் (கிரிக்கெட் ரிங்கு இல்லைங்க, இவர் வேறு!) மணிக்கு 87 மைல், அதாவது 140 கி.மீ. வேகத்தில் எறிந்து 1 லட்சம் டாலர் ஜெயித்தார். அந்த ஆண்டு இறுதியிலேயே அவரையும் இன்னொரு ஈட்டி வீரரான தினேஷ் படேலையும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. 2014-ல் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் வந்த ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ ஹாலிவுட் படம் இவர்கள் கதைதான்.

படம் முடிந்த பிறகு என்ன ஆச்சு? இருவருமே மேஜர் லீக்கை எட்டவில்லை. கீழ்நிலை லீக்குகளில் சில சீசன்கள் ஆடிய ரிங்கு, காயம், அறுவை சிகிச்சை என அவதிப்பட்டு, கடைசியில் டபிள்யூடபிள்யூஇ ரெஸ்லிங் பக்கம் போய்விட்டார்.

அது வேகத்தை மட்டும் பார்த்த போட்டி. ஆனால், வருஷம் முழுக்க இதே வேலையாக இருக்கும் அமெரிக்க அணிகளுக்கும் ஒவ்வொரு டிராஃப்டிலும் இதே தலைவலிதான். நன்றாக எறிகிற 17 வயது பையன் மேல் எவ்வளவு பணம் போடலாம்?

ஏன் வேகத்துக்கு இவ்வளவு மவுசு?

பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து பேட்டர் நிற்கும் இடம் வரை சுமார் 18.4 மீட்டர். கிரிக்கெட் பிட்ச்சைவிடக் கொஞ்சம் குறைவு. பந்து தரையில் படாமல் நேராக வரும். 95 மைல் (153 கி.மீ.) வேகத்தில் எறிந்தால் பேட்டருக்குக் கிடைப்பது சுமார் 0.4 விநாடி. இன்றைய மேஜர் லீக்கில் சராசரி ஃபாஸ்ட்பாலே ஏறக்குறைய 94 மைல். அதனால்தான் பள்ளி மைதானத்தில் ஸ்கவுட் வந்து உட்கார்ந்ததும் முதலில் எடுப்பது ரேடார் கன்.

மார்க் எப்படிப் போடுகிறார்கள்?

100-க்கு இல்லை, 20-லிருந்து 80 வரை. 50 என்றால் மேஜர் லீக் சராசரி. 80 என்றால் மிக அபூர்வம். ஒவ்வொரு திறமைக்கும் ‘இன்று எவ்வளவு’, ‘முழுசாக வளர்ந்த பிறகு எவ்வளவு’ என இரண்டு மார்க். பள்ளி மாணவருக்கு முதல் மார்க் 35, 40 என்று இருந்தாலும் பரவாயில்லை. பணம் கொடுப்பது இரண்டாவது மார்க்குக்குத்தான். அதுவோ ஸ்கவுட்டின் கணிப்பு.

மார்க் எதற்கெல்லாம்? ஃபாஸ்ட்பால், திசை மாறும் ஸ்லைடர், கர்வ்பால், வேகமாக வருவதுபோல் ஏமாற்றும் சேஞ்ச்அப். அடுத்து கன்ட்ரோல், கமாண்ட். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் வேறு. ஸ்ட்ரைக் ஸோனுக்குள் பந்தைப் போடுவது கன்ட்ரோல். கேட்சர் கிளவ்வை எங்கே காட்டுகிறாரோ அங்கேயே போடுவது கமாண்ட். பந்து எத்தனை முறை சுழல்கிறது, எவ்வளவு விலகுகிறது என்பதை இப்போது கருவிகளே சொல்லிவிடும். ஆனால் 5-வது இன்னிங்ஸில் களைத்த பிறகும் அதே மாதிரி எறிகிறாரா, அடி வாங்கிய அடுத்த பந்தில் பதறுகிறாரா என்பதையெல்லாம் ஆள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எல்லா மார்க்கும் வாங்கியும்...

2014 டிராஃப்டில் முதல் ஆளாக ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் தேர்ந்தெடுத்தது பிராடி எய்க்கன் என்ற 17 வயது இடது கை பிட்சரை. சுமார் 65 லட்சம் டாலருக்குப் பேச்சு முடிந்தது. கையெழுத்துக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில்தான் சிக்கல். முழங்கை லிகமென்ட்டில் ஏதோ சரியில்லை என்று கருதிய அணி, தொகையைக் குறைத்தது. வலியே இல்லை, நன்றாகத்தான் எறிகிறார் என்றது எய்க்கன் தரப்பு. கடைசி நேரத்தில் 50 லட்சம் வரை அணி இறங்கி வந்ததாகச் செய்திகள் வெளியாகின. எய்க்கன் கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த ஆண்டு மார்ச்சில் அதே லிகமென்ட் கிழிந்தது. 2015-ல் கிளீவ்லாந்து அணி 17-வது ஆளாக எடுத்து, சுமார் 25 லட்சம் டாலர் கொடுத்தது. மேஜர் லீக்கில் அவர் ஒரு பந்துகூட எறியவில்லை. ஹூஸ்டனுக்கோ, அவரை இழந்ததற்கு ஈடாக 2015-ல் கூடுதலாக ஒரு தேர்வு கிடைத்தது. அதில் வந்த அலெக்ஸ் பிரெக்மன், 2017-ல் சாம்பியன் ஆன அணியில் இருந்தார். தேர்வு தப்பினால் அணிக்கு அடுத்த டிராஃப்ட் இருக்கிறது. பையனுக்கு எறிகிற கை ஒன்றுதான்.

1965-ல் டிராஃப்ட் தொடங்கியதிலிருந்து 2025 வரை, முதல் தேர்வாக வந்த பள்ளி பிட்சர்கள் மூன்றே பேர்: டேவிட் கிளைட் (1973), பிரையன் டெய்லர் (1991), எய்க்கன். டெய்லரும் மேஜர் லீக்கை எட்டவில்லை. 18 வயதிலேயே மேஜர் லீக்கில் இறக்கிவிடப்பட்ட கிளைட், மொத்தம் 18 வெற்றிகளோடு முடிந்துபோனார்.

முழங்கையில் அப்படி என்ன?

முழங்கையின் உட்புறத்தில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் சின்ன லிகமென்ட் ஒன்று உண்டு. ஒவ்வொரு வேகப்பந்திலும் கை முறுக்கப்படும்போது அந்த இழுவையைத் தாங்குவது அதுதான். தசையை ஜிம்மில் வளர்க்கலாம். லிகமென்ட்டை அப்படி வளர்க்க முடியாது. கிழிந்தால், வேறு இடத்திலிருந்து தசைநாரை எடுத்து வைக்கும் ‘டாமி ஜான்’ அறுவை சிகிச்சை. 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதல்முறையாகச் செய்ததால் அந்தப் பெயர். திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

2024 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமே பிட்சர் காயங்கள் பற்றி அறிக்கை வெளியிட்டது. கூடுதல் வேகத்தைத் துரத்துவது, ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவது ஆகியவற்றை முக்கியக் காரணங்களாக அது சுட்டிக்காட்டியது. இங்கேதான் முரண். ஸ்கவுட் வேகத்துக்கு மார்க் போடுகிறார். மார்க் வாங்கப் பையன் இன்னும் வேகமாக எறிகிறான். அந்த வேகம்தான் முழங்கைக்கு வேட்டு வைக்கிறது. 17-18 வயதினர் ஒரு நாளில் 105 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது என்ற ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதல் 2014 முதல் இருக்கிறது. ஆனால் அது பந்துகளைத்தான் எண்ணும். எவ்வளவு பலத்தோடு எறிந்தார் என்பதை எண்ணாது.

அப்போ யாரை நம்புவது?

பல அணிகள் கல்லூரி பிட்சர்கள் பக்கம் சாய்கின்றன. வயசு கூட, தரவும் கூட. 2023-ல் பைரேட்ஸ் அணி 92 லட்சம் டாலர் கொடுத்து முதல் ஆளாக எடுத்த பால் ஸ்கீன்ஸ், மறு ஆண்டே தேசிய லீக்கின் சிறந்த அறிமுக வீரர் ஆனார்.

எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கு. 1984-ல் பள்ளியிலிருந்து வந்த ஒல்லியான கிரெக் மேடக்ஸை 30 தேர்வுகள் தாண்டித்தான் எடுத்தார்கள். பின்னாளில் அவர் பேட்டர்களை மிரட்டியது வேகத்தால் அல்ல, கமாண்டால். 355 வெற்றிகள், தொடர்ந்து 4 ‘சை யங்’ விருதுகள்.

ஆக, அடுத்த முறை ‘17 வயதில் 98 மைல்’ என்று ஒரு ரீல் உங்கள் ஃபோனில் வந்தால், நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது வகைப் பந்து இருக்கிறதா? கேட்சர் கேட்ட இடத்தில் விழுகிறதா? கடைசி இன்னிங்ஸிலும் எறியும் பாணி மாறாமல் இருக்கிறதா? வருஷத்தில் சில மாதங்களாவது அந்தக் கைக்கு ஓய்வு கிடைக்கிறதா?

முதல் மூன்றுக்கும் ஸ்கவுட்டின் நோட்டில் இடம் இருக்கிறது. நான்காவதுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள், அந்தப் பையனின் பயிற்சியாளரும் பெற்றோரும்.