உஷார்! ஆர்க்கிடெக்சர் படிக்கப் போன பிள்ளை நடுராத்திரியில் எங்கே இருக்கிறான்?

திருவண்ணாமலைப் பெற்றோரே, ஒரு நிமிஷம்! பிள்ளையை ஆஸ்திரேலியாவுக்கு எம்.ஆர்க் படிக்க அனுப்ப, வீட்டுப் பத்திரத்தோடு வங்கிக்குக் கிளம்பிவிட்டீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

“பார்ட் டைம் வேலை பார்த்தே ஃபீஸ் கட்டிடலாம் சார்!”

ஏஜென்ட் இப்படிச் சொன்னாரா? உஷார்!

கணக்கைப் பாருங்கள். ஸ்டூடன்ட் விசாவில் இருப்பவர், வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 2023 ஜூலை 1 முதல் இதுதான் விதி. 2025 ஜூலை நிலவரப்படி அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். அந்த 48 மணி நேரத்தில் ஒன்றைக்கூட விடாமல் வருஷம் முழுக்க உழைத்தாலும், வரி போகும் முன் கிடைப்பது சுமார் 31 ஆயிரம் டாலர். கேஷுவல் வேலைக்குக் கொடுக்கும் 25 சதவீதக் கூடுதலைச் சேர்த்தாலும் 39 ஆயிரத்தைத் தொடாது. ஒருவர் ஒரு வருஷம் அங்கே வாடகை கொடுத்து, சாப்பிட்டு வாழ்வதற்கு விசா கொடுக்கும் அரசே போட்டு வைத்திருக்கும் கணக்கு 29,710 டாலர். பெரிய பல்கலைக்கழகங்களில் எம்.ஆர்க் ஃபீஸ் மட்டுமே வருஷத்துக்கு 40 ஆயிரத்துக்கு மேல். எதை வைத்து எதைக் கட்டுவான்?

நம் ஊர்ப் பையன் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அம்மணி அம்மன் கோபுரத்தை வரைந்து வரைந்தே ஆர்க்கிடெக்ட் ஆகும் ஆசை வந்தவன். சென்னையில் பி.ஆர்க் முடித்தான். வீட்டை அடமானம் வைத்து மெல்பர்ன் போனான். முதல் செமஸ்டரிலேயே பெட்ரோல் பங்க்கில் நைட் ஷிஃப்ட்.

முதல் வாரம் 18 மணி நேரம். அடுத்த வாரம் 28. கூட்டினால் 46, தப்பில்லை. மூன்றாவது வாரம் 24. “சராசரியா 24க்குள்ளதானே இருக்கேன்” என்று நினைத்துக்கொண்டான். அங்கேதான் வலை! திங்கட்கிழமை தொடங்கும் எந்த 14 நாளை எடுத்தாலும் 48ஐத் தாண்டக் கூடாது. 28-உம் 24-உம் 52. விதியை மீறிவிட்டான். அவனுக்கே தெரியாது. முதலாளிக்குத் தெரியும்.

“கூடுதல் நேரத்துக்குக் கையில காசாத் தர்றேன்” என்றார் முதலாளி. பாதிக் கூலிதான். பையன் வாய் திறந்தபோது வந்த பதில்: “இமிக்ரேஷனுக்கு ஒரு போன் போடட்டுமா?”

ஆர்க்கிடெக்சரை மற்ற படிப்பு மாதிரி நினைக்காதீர்கள், அம்மா. நோட்ஸை வாங்கி ஒரு ராத்திரியில் படித்துப் பாஸ் பண்ணுகிற சமாச்சாரமே இல்லை. ஸ்டூடியோவில் வாராவாரம் ஆசிரியர் முன்னால் வரைபடத்தை விரித்துத் திட்டு வாங்கி, திருத்தி, மறுபடி விரிக்க வேண்டும். இரண்டு வாரம் விட்டால் மற்றவர்கள் எங்கேயோ போயிருப்பார்கள். இவன் விட்டான். ஜூரிக்கு, அதாவது மாடலை மதிப்பிடும் தேர்வுக்கு, முந்தின ராத்திரி, ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடு ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து ஃபோம் போர்டை வெட்டிக்கொண்டிருந்தான். கண் சொருகியது. கட்டர் ஸ்கேலின் மேல் ஏறி இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது. தையல் போட்ட கையோடு, பாதி மாடலை வைத்து ஜூரியில் நின்றான்.

ஃபெயில்.

அதே ஸ்டூடியோவை இப்போது மறுபடி ஃபீஸ் கட்டிப் படிக்கிறான். கடன் வட்டி இங்கே ஏறிக்கொண்டே இருக்கிறது. பௌர்ணமி கிரிவலத்தில் நடந்துகொண்டே இரவு 10 மணிக்கு அவன் அம்மா போன் போடுவார். அங்கே அப்போது விடிகாலை 2.30. “முழிச்சிருக்கான், நல்லாப் படிக்கிறான்” என்று அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

எங்கேயோ ஒருவனுக்கு நடந்தது என்று தள்ளிவிடாதீர்கள். 2015-இல் ஆஸ்திரேலியாவின் 7-இலெவன் கடைகளில் நடந்த கூலி மோசடி ஊரறிந்தது. 40 மணி நேர உழைப்பு, 20 மணி நேரச் சம்பளம். கேட்டால் விசா மிரட்டல். மாட்டியவர்களில் இந்திய மாணவர்கள் ஏராளம்.

எந்த அறிகுறியைக் கண்டால் பதற வேண்டும்?

பிள்ளை திடீரென்று வீட்டுக்குப் பணம் அனுப்புகிறானா? பூரிக்காதீர்கள், பயப்படுங்கள்! மேலே போட்ட கணக்கில் மிச்சம் ஏது? சட்டப்படி வேலை பார்க்கிறவனிடம் அந்தப் பணம் இருக்காது.

சம்பளச் சீட்டு இல்லையா? அபாயம். “ஏபிஎன் (தொழில் பதிவு எண்) எடுத்துக்கோ, சொந்தத் தொழில் மாதிரி, மணிக்கணக்கு வராது” என்கிறார்களா? பச்சைப் பொய். உணவு டெலிவரிக்கு ஓடும் நேரமும் 48க்குள்தான் அடங்க வேண்டும். ஜூரி எப்போது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான், வீடியோ காலே வேண்டாம் என்கிறான்... சும்மா விடாதீர்கள். படிப்பில் தொடர்ந்து பின்தங்கினால் பல்கலைக்கழகமே குடிவரவுத் துறைக்குத் தகவல் கொடுத்துவிடும். விசாவே போகலாம்.

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது. கோர்ஸ் பெயரில் ‘ஆர்க்கிடெக்சர்’ இருந்தால் மட்டும் போதாது! அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று, ஆஸ்திரேலிய ஆர்க்கிடெக்ட் அங்கீகாரக் கவுன்சிலான ஏ.ஏ.சி.ஏ.வின் பட்டியலில் பாருங்கள். ப்ளஸ் டூ முடித்து நேராகப் போகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதை. மூன்று வருஷ இளங்கலை மட்டும் ஆர்க்கிடெக்ட் ஆக்காது, மேலே இரண்டு வருஷ முதுகலை வேண்டும். அதற்கப்புறமும் 3,300 மணி நேரத் தொழில் அனுபவம், தேர்வு, மாநில வாரியப் பதிவு. பெட்ரோல் பங்க்கில் நின்ற ஒரு மணி நேரம்கூட அந்த 3,300-இல் சேராது.

பிரிட்டன் என்றால் வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம். கனடாவில் வளாகத்துக்கு வெளியே 24. ஊர் மாறினாலும் பொறி ஒன்றுதான்.

“நம்ம நாட்டு ஆர்க்கிடெக்ட் தோஷி, பாரிஸ்ல ஆர்க்கிடெக்ட் லெ கார்பூசியேகிட்ட எட்டு மாசம் சம்பளமே இல்லாம வேலை பார்க்கலையா?” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். பார்த்தார் ஐயா. ஆனால் கட்டடக் கலைதானே அந்த வேலை! கல்லாவில் உட்கார்ந்தா அவர் கற்றுக்கொண்டார்?

ஏற்கெனவே பிள்ளை மாட்டிக்கொண்டானா? திட்டாதீர்கள், அவன் போனை எடுக்காமல் போய்விடுவான். விசாவைக் காட்டி ஊழியரை மிரட்டுவது 2024 ஜூலை முதல் ஆஸ்திரேலியாவில் குற்றம் என்று சொல்லுங்கள். கூலிப் புகாருக்கு ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன் அலுவலகம், எண் 13 13 94. ஆங்கிலம் தடுமாறினால் 131 450-ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அதற்கு முன் ரோஸ்டரின் ஸ்கிரீன்ஷாட், முதலாளி அனுப்பிய மெசேஜ், காசு வாங்கிய தேதிகள் எல்லாவற்றையும் உங்களுக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். இன்றைக்கே!