பேட்டரி நிறைந்ததைச் சார்ஜர் அறிவது எப்படி?

டார்ச் விளக்கிலும் விளையாட்டுப் பொருள்களிலும் மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தப்படும் பென்சில் பேட்டரிகளுள் பெரும்பாலானவை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் எவ்வளவு மின்னூட்டம் சேர்ந்துள்ளது என்பதை நேரடியாகக் காட்டும் கருவி ஏதும் இல்லாமையால், புறத்தே அளக்கக்கூடிய மின்னழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றின் மாற்றங்களைக் கொண்டே பேட்டரி நிறைந்துவிட்டதை ஸ்மார்ட் சார்ஜர் உய்த்துணர்கிறது. கோடை வெயிலும் சாரல் காற்றும் மாறிமாறி ஆளும் தென்காசி, குற்றாலம் போன்ற ஊர்களில், சார்ஜரை வைக்கும் இடமும் இந்தக் கணிப்பைப் பாதிக்கக்கூடும்.

மின்னேற்றத்தின் பெரும்பகுதி நேரத்தில், உட்செல்லும் ஆற்றல் வேதிமாற்றமாகச் சேமிக்கப்படுவதால் பேட்டரி அதிகம் சூடாவதில்லை, 1.2 வோல்ட் எனக் குறிக்கப்பட்ட செல்லின் மின்னழுத்தம் மெல்ல உயர்ந்து 1.4 வோல்ட்டைக் கடக்கிறது. செல் நிறையும் தறுவாயில் நேர்மின்வாயில் தோன்றும் ஆக்சிஜன் எதிர்மின்வாயைச் சென்றடைந்து வினைபுரிய, அதன்பின் வரும் ஆற்றல் சேமிப்பாகாமல் வெப்பமாக வெளிப்படுகிறது. சூடு ஏறும்போது மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்டுச் சற்றே இறங்குகிறது. பழைய நிக்கல் காட்மியம் செல்லில் இந்த இறக்கம் 10 முதல் 20 மில்லிவோல்ட் வரை இருந்தமையால் எளிதில் புலப்பட்டது. இன்றைய வகையிலோ அது சில மில்லிவோல்ட் மட்டுமே, அதாவது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே ஆகும்.

இவ்வளவு நுண்ணிய அடையாளம் தவறிப்போகலாம் என்பதால், நல்ல சார்ஜர்களில் வெப்ப உணரியும் நேர வரம்பும் காவலாக அமைகின்றன. செல்லின் வெப்பநிலை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் வீதம் உயரத் தொடங்கினாலோ, குறித்த உச்ச வரம்பை எட்டினாலோ மின்னோட்டம் நிறுத்தப்படுகிறது. 2000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள செல்லை 200 மில்லி ஆம்பியரில் மெதுவாக ஏற்றும்போது மின்னழுத்த இறக்கம் தெளிவாகத் தோன்றாது. ஆகவே அத்தகைய சார்ஜர்களில் 14 முதல் 16 மணி நேரம் என்ற கணக்கே வழிகாட்டியாகிறது. 1000 மில்லி ஆம்பியர் அளவில் ஏற்றும்போது அடையாளம் தெளிவாகக் கிடைக்கிறது.

ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் குற்றாலச் சீசனில், சன்னலோரம் வைத்த சார்ஜரின் வெப்பத்தைக் காற்று கவர்ந்துகொள்வதால், வெப்பத்தை நம்பிய கணிப்பு தாமதமாகலாம். கோடையில் தகரக் கூரையின் கீழ் வைத்தாலோ, செல் நிறையுமுன்பே உச்ச வரம்பு எட்டப்பட்டு மின்னேற்றம் பாதியில் நின்றுவிடலாம். குளிர்ந்த இடத்திலிருந்த செல்லை வெப்பமான அறைக்குக் கொணர்ந்து உடனே ஏற்றினால், சூழலால் ஏறும் சூட்டைச் சார்ஜர் நிறைவின் அடையாளமாகப் பிழைபடக் கொள்ளவும் கூடும்.

கைப்பேசியின் லித்தியம் அயனி பேட்டரி வேறு நெறிப்படி இயங்குகிறது. பெரும்பாலான வகைகளில் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டில் நிறுத்தப்பட, மின்னோட்டம் படிப்படியாகக் குறைந்து சிறு அளவை எட்டியதும் மின்னேற்றம் முடிகிறது. ஆதலால் ஒரு வகைக்கான சார்ஜரில் மற்றொரு வகையை ஏற்றுவது ஆபத்தானது.

ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கண்காணிக்கும் சார்ஜரைத் தேர்ந்தெடுத்து, வெயிலும் நேரடிக் காற்றும் படாத இடத்தில் வைத்துப் பயன்படுத்துவதே பேட்டரியின் ஆயுளைக் காக்கும் எளிய வழியாகும்.