தேயிலைக்குள் இலத்திரன் முகில்

கண்டி மலைகளில் பறிக்கப்படும் கொழுந்தில் உள்ள கஃபீன் மூலக்கூறு ஒன்றில் 24 அணுக்களும் 102 இலத்திரன்களும் உண்டு. அணுக்கருக்கள் எங்கே நிற்கின்றன என்று சொல்லிவிடலாம். இலத்திரனை அப்படி ஓரிடத்தில் சுட்டிக்காட்ட முடியாது. குறித்த இடத்தில் அது இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்றே சொல்ல முடியும். எல்லா இலத்திரன்களுக்குமான அந்த வாய்ப்பு வெளியில் பரவியிருக்கும் விதமே இலத்திரன் அடர்த்தி. பாடப்புத்தகத்தில் இரண்டு புள்ளிகளாகவோ ஒரு கோடாகவோ வரையப்படும் பிணைப்பு, உண்மையில் இடைவெளியின்றிப் பரவிய முகிலின் ஒரு பகுதிதான்.

இந்த முகிலைக் கணக்கிடும் வழியை 1926இல் சுரோடிங்கரின் சமன்பாடு திறந்தது. ஆனால் ஓர் இலத்திரனுக்கு மூன்று ஆள்கூறுகள் வீதம் கஃபீனுக்கு 306 ஆள்கூறுகள் வேண்டும். அத்தனையும் கலந்த சார்பை நேரடியாகத் தீர்ப்பது எந்தக் கணினிக்கும் ஆகாத காரியம். 1964இல் ஹோகன்பெர்க்கும் கோனும் நிறுவிய தேற்றம் இந்தச் சுமையைப் பெரிதும் குறைத்தது. மூலக்கூறின் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையை, மூன்றே ஆள்கூறுகள் கொண்ட அடர்த்தி ஒன்றே முழுமையாகத் தீர்மானிக்கும் என்று அது காட்டியது. அடுத்த ஆண்டு கோனும் ஷாமும் அதை நடைமுறைக் கணக்காக்கினர். 1998இல் கோனுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கணிப்பு முறைகளையும் மென்பொருளையும் வளர்த்த பொப்பிள் அதைப் பகிர்ந்துகொண்டார். இன்று சை4 போன்ற இலவச மென்பொருளும் ஒரு மடிக்கணினியும் இருந்தால் கஃபீனின் அடர்த்தியைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரே கணக்கிட்டுவிடலாம்.

கிடைப்பது படமல்ல, எண்கள். மூலக்கூறைச் சுற்றி ஒரு பெட்டியைக் கற்பனை செய்து, பக்கத்துக்கு 80 புள்ளிகள் எடுத்தால் 5,12,000 புள்ளிகள்; ஒவ்வொன்றிலும் ஓர் அடர்த்தி. கருவில் உச்சமாக இருக்கும் அடர்த்தி வெளியே செல்லச் செல்ல வேகமாகக் குறைகிறது, ஆனால் எங்கும் முற்றாக நின்றுவிடுவதில்லை. ஆகவே விளிம்பை வரைபவரே தெரிவுசெய்ய வேண்டும். அணு அலகில் 0.001 என்ற மதிப்பு பரவலாகக் கையாளப்படுகிறது. அந்த மதிப்புள்ள புள்ளிகளை இணைத்தால், உருண்டு திரண்ட ஒரு மேற்பரப்பு திரையில் எழுகிறது.

அந்த மேற்பரப்புக்கு நிறமூட்டும்போதுதான் படம் பேசத் தொடங்குகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு நேர்மின்னேற்றத்தை வைத்தால் அது ஈர்க்கப்படுமா, தள்ளப்படுமா என்று கணக்கிடுவார்கள். இதுவே மின்னிலை அழுத்தம். வழமையாக ஈர்க்கும் இடம் சிவப்பு, தள்ளும் இடம் நீலம். கஃபீனில் இரண்டு ஒட்சிசன் அணுக்களைச் சுற்றியும், ஐந்துறுப்பு வளையத்தில் மெதைல் கூட்டம் இணையாத நைதரசனை ஒட்டியும் சிவப்பு திரள்கிறது. நீர் மூலக்கூறுகளின் ஐதரசன் நாடிவரும் இடங்கள் இவை.

இத்துறையில் இந்தியாவின் பங்கு பெருமைப்படத்தக்கது. மின்னிலை அழுத்தத்தின் உச்சப் பெறுமானம் கருக்களில் மட்டுமே இருக்கமுடியும் என்பதைப் புனே பல்கலைக்கழகத்தின் பாடக்கும் ஷ்ரீதர் காட்ரேயும் 1990இல் நிறுவினர். இழிவுப் பெறுமானங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தனிச்சோடி இலத்திரன்களும் இரட்டைப் பிணைப்புகளின் இலத்திரன்களும் செறிந்த இடங்களை இந்த இழிவுகள் அடையாளம் காட்டுகின்றன.

தேயிலைத் தொழிற்சாலையில் நடப்பதையும் இப்படங்கள் விளக்குகின்றன. 1867இல் இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர், தம் பங்களா விறாந்தையில் கொழுந்தைக் கையால் உருட்டச் செய்தார். உருட்டும்போது கலங்கள் உடைந்து, கொழுந்திலுள்ள நொதியமும் கற்றெக்கின்கள் என்னும் சேர்மங்களும் காற்றின் ஒட்சிசனோடு சேர்கின்றன. கற்றெக்கினில் மிக எளிதில் இழக்கப்படும் இலத்திரனின் ஒழுக்கை, அதாவது அந்த இலத்திரன் பரவியிருக்கும் விதத்தை, வரைந்தால், அது பெரும்பாலும் அடுத்தடுத்து இரண்டு ஐதரொட்சில் கூட்டங்கள் கொண்ட வளையத்தின்மீதே படர்ந்திருக்கும். ஒட்சியேற்றம் தொடங்குவதும் அந்த வளையத்தில்தான். இப்படி ஒட்சியேறிய மூலக்கூறுகள் சோடிசேர்ந்து தியாஃபிளேவின் ஆகின்றன. அதன் புதிய வளையத் தொகுதியில் இலத்திரன்கள் அகன்று பரவுவதால், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் நீலப் பகுதியை அது உறிஞ்சுகிறது. பிளேன்டியின் செம்மஞ்சள் மினுக்கத்தில் இதன் பங்கு பெரிது.

இப்படங்களைப் பார்க்கும்போது நிற அளவுகோலை முதலில் படிப்பது அவசியம். அளவுகோலைச் சுருக்கினால் சிறு வேறுபாடுகூட அடர்சிவப்பாகத் தோன்றும். இரண்டு மூலக்கூறுகளை ஒப்பிட ஒரே விளிம்பும் ஒரே அளவுகோலும் வேண்டும். அத்துடன் பல படங்கள் வெற்றிடத்தில் தனித்து நிற்கும் மூலக்கூறுக்கு உரியவை. கோப்பைக்குள் இருக்கும் கஃபீனைக் காட்ட வேண்டுமானால் சுற்றியுள்ள நீரையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.