காசும் கேஷும்

ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ நம்முடைய காசுதான் என்று மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். ஒலி, பொருள் இரண்டும் நெருங்கி வருவதால் நம்பத் தோன்றும். ஆனால் அந்தச் சொல் பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. வேர் லத்தீனில் இருக்கிறது. நம் காசு போர்த்துகீசியர் வாய்வழியாக, அதே எழுத்துக்கூட்டலில், வேறொரு சொல்லாக ஆங்கிலத்தில் நுழைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நாணயக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தச் சின்னக் காசுதான் தமிழ் தந்தது.

இப்படிச் சலித்தால் தமிழுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். உறுதியானவை மிஞ்சும். பரங்கிப்பேட்டை தொடங்கிக் கடலூர் வரை மீனவர்கள் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் இறக்கிய கட்டுமரத்தை, சோழமண்டலக் கரையின் கலமாக, ஆங்கிலேயக் கடலோடி டாம்பியர் 1697இல் வெளியான தம் பயண நூலில் பெயரோடு குறித்திருக்கிறார். ஆண்டு, இடம், பொருள் மூன்றும் கைக்குக் கிடைக்கின்றன. சுருட்டும் மிளகுத்தண்ணீரும் அப்படி ஆங்கிலத்துக்குப் போனவையே. ஒலி ஒப்புமை விசாரணையைத் தொடங்கிவைக்கலாம். தீர்ப்பை எழுத்துச் சான்றுதான் சொல்ல வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறையில் மாணவர்கள் பயில்வதும் இந்த முறையைத்தான்.