பவர் பிரஸ் விபத்தும் தொழிலாளர் இழப்பீடும்

பவர் பிரஸ் என்பது உலோகத் தகட்டை அச்சில் வைத்து வெட்டவும், வளைக்கவும், துளையிடவும் பயன்படும் இயந்திரம் ஆகும். வாகன உதிரிபாகத் தொழிலில் இது மிகுதியாகப் பயன்படுகிறது. இந்தியாவில் தொழிலாளர்கள் விரல்களை இழக்கும் விபத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அரியானாவின் குர்கான், மானேசர் பகுதிகளில் இயங்கும் சேஃப் இன் இந்தியா அமைப்பு 2019 முதல் வெளியிடும் அறிக்கைகள் இதைப் பதிவு செய்துள்ளன.

விபத்து நிகழும் விதம்

சுழலும் பிளைவீலின் ஆற்றல் கிளட்ச் வழியாகச் சென்று மேல் அச்சைக் கீழே இறக்குகிறது. பழைய வகை பிரஸ்களில், கால் பெடலை மிதித்துவிட்டால் ஒரு சுற்று முடியும்வரை அச்சை நிறுத்த இயலாது. தகட்டை வைக்கவும் எடுக்கவும் தொழிலாளி ஒவ்வொரு முறையும் அச்சுக்கு அடியில் கைவிடுகிறார். கிளட்ச் பாகங்கள் தேய்ந்திருந்தால், பெடலை மிதிக்காமலே அச்சு மறுமுறை இறங்கிவிடும்.

இரு கைகளாலும் பொத்தான்களை ஒருசேர அழுத்தினால் மட்டுமே இயங்கும் அமைப்பு, கை குறுக்கிட்டதும் இயந்திரத்தை நிறுத்தும் ஒளித்திரை சென்சார் ஆகியவை பாதுகாப்பு முறைகள். இடையில் நிறுத்த முடியாத பிரஸ்களுக்கு ஒளித்திரை உதவாது. கை நுழையாதபடி தடுப்பே வேண்டும். ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு அமைப்பதை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கட்டாயமாக்கியது. எனினும், தடுப்பு இருந்தால் வேலை மெதுவாகும் என்பதால் உற்பத்தி இலக்குக்காக அதைக் கழற்றிவிடும் வழக்கம் உண்டு.

இழப்பீட்டுக் கணக்கு

1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின்படி, வேலையின்போது நேர்ந்த காயத்துக்கு முதலாளியே பொறுப்பு; அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு விழுக்காடு வகுத்துள்ளது. கட்டைவிரல் இழப்பு 30. ஒரு கையின் மூன்று விரல்கள் 30. நான்கு விரல்கள் 50.

எடுத்துக்காட்டாக, மாதம் 10,000 ரூபாய் பெறும் 30 வயதுத் தொழிலாளி மூன்று விரல்களை இழக்கிறார் எனக் கொள்வோம். சம்பளத்தில் 60 விழுக்காடான 6,000 ரூபாயை அவர் வயதுக்குரிய 207.98 என்ற காரணியால் பெருக்கி, அதில் 30 விழுக்காடு எடுத்தால் 3,74,364 ரூபாய் வரும். இது ஏறத்தாழ 37 மாதச் சம்பளம். அவருக்கோ இன்னும் முப்பது ஆண்டு உழைக்கும் வயது இருக்கிறது.

இ.எஸ்.ஐ. காப்பீடு

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில், மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் பெறுவோர் இ.எஸ்.ஐ. திட்டத்தின் கீழ் வருகின்றனர். இவர்களுக்கு மேற்கண்ட ஒருமுறைத் தொகைக்குப் பதிலாக வாழ்நாள் முழுவதும் மாதத் தொகை கிடைக்கும். அதே தொழிலாளிக்கு இது மாதம் சுமார் 2,700 ரூபாய். பணிக்காயத்துக்கு முன்கூட்டிய சந்தாக் காலம் தேவையில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பாதுகாப்பு உண்டு. ஆயினும் பலருக்கு விபத்து நடந்த பிறகே இ.எஸ்.ஐ. அட்டை தரப்படுவதாகச் சேஃப் இன் இந்தியா அறிக்கைகள் காட்டுகின்றன. ஒப்பந்தத் தொழிலாளியிடம் பணி ஆணையோ சம்பளச் சீட்டோ இல்லாதபோது, அங்கு வேலை செய்தார் என்பதை நிறுவுவதே சிக்கலாகிறது. வருகைப் பதிவு, வங்கிக் கணக்கில் வந்த சம்பளம், காயம் எங்கே ஏற்பட்டது எனக் குறிப்பிடும் மருத்துவமனைப் பதிவு ஆகியவை அப்போது சான்றாகின்றன.

மேற்கண்ட சட்டங்களுக்கு மாற்றாக 2020-இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. இழப்பீட்டைக் கணக்கிடும் அடிப்படை முறை அவற்றிலும் தொடர்கிறது.

மீண்டும் வேலை

பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும். தனியார் ஆலைத் தொழிலாளிக்கு அந்த உறுதி இல்லை. விரல் இழந்தவரால் பிரஸ் வேலையைப் பழைய வேகத்தில் செய்ய முடியாது. வேறு வேலைக்கும் கையே மூலதனம். அட்டவணை 30 விழுக்காடு என்று மதிப்பிடும் இழப்பு, மாற்று வேலை கிடைக்காதவருக்கு முழு வருமான இழப்பாகவே முடிகிறது.