மரண ஆக்ஞை கூடும் இடம்

ஹைதராபாத்தின் கீழ்த்திசையிலுள்ள உஸ்மானியா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற பிரேம்குமார் ரெட்டியைப் புற்றுநோய் ஆராய்ச்சியாளராகவே பலர் அறிவார்கள். ஆனால் 2002-இல் பிலடெல்பியாவின் டெம்பிள் சர்வகலாசாலையில் அவரும் தனசேகரன் முதலிய சகாக்களும் ‘ஜே.எல்.பி.’ என்று பெயரிட்டு விவரித்த புரதம், நரம்பணுக்களின் மரணத்தை ஆராய்கிறவர்களும் அக்கறை கொள்ளும் ஒரு குலத்தைச் சேர்ந்தது. கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தை நினைத்து, இக்குலத்தைச் சாரப் புரதங்கள் எனலாம்.

ரத்தம் தடைப்பட்டோ, குளூட்டமேட் என்னும் ரசாயனம் அளவு மீறியோ நரம்பணு தத்தளிக்கும்போது, எம்.எல்.கே. என்ற நொதி எம்.கே.கே.-7 என்பதன்மேல் பாஸ்பேட்டை ஏற்றி அதை எழுப்ப, அது ஜே.என்.கே.யை எழுப்ப, ஜே.என்.கே. மரணத்துக்குரிய ஜீன்களை முடுக்குவதோடு மைட்டோகாண்ட்ரியாவையும் கசியச் செய்து, வெளிவரும் சைட்டோகுரோம்-சி கேஸ்பேஸ் நொதிகளைக் கிளப்பிவிட, அணு தன்னைத்தானே அறுத்துக்கொண்டு மாய்கிறது. விசித்திரம் என்னவென்றால், கருவில் மூளை உருவாவதற்கு உழைப்பதும் இதே ஜே.என்.கே. குடும்பந்தான்.

இரண்டும் குழம்பாதிருப்பது எப்படி? 1997-இல் மாஸசூஸெட்ஸில் ரோஜர் டேவிஸின் ஆய்வகம் விவரித்த ‘ஜிப்-1’ ஒரு விடை தருகிறது. தானாக எந்த ரசாயனக் கிரியையும் செய்யாத இப்புரதம், மேற்சொன்ன மூன்று நொதிகளையும் தன்மீது அருகருகே பற்றி நிறுத்துகிறது. முதலில் இது ஜே.என்.கே.யைத் தடுப்பது என்றே கருதப்பட்டதில் வியப்பில்லை: சாரம் மிதமிஞ்சிப் பெருகினால் நொதிகள் ஆளுக்கொரு சாரத்தில் தனித்து நின்றுவிடும், ஆக்ஞை கைமாறாது. 2001-இல் ஜிப்-1 ஜீனை நீக்கிய சுண்டெலிகளை அவர்கள் சோதித்தபோது, கைனேட் விஷத்துக்கு ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்கள் முன்போல் மடியவில்லை. நொதிகள் இருந்தன, அவை கூடும் இடந்தான் இல்லை. இந்தத் துறையின் ஆகச் சிறந்த பரிசோதனை இதுவே என்பது என் அபிப்பிராயம்.

மருத்துவம் இதைச் சும்மா விடவில்லை. பி.எஸ்.டி.-95 என்ற மற்றொரு சாரப் புரதம், குளூட்டமேட்டை ஏற்கும் வாயிலோடு நைட்ரிக் ஆக்ஸைடு தயாரிக்கும் நொதியைப் பிணைத்து வைப்பதால், பக்கவாதத்தின்போது வாயில் வழியே புகும் கால்சியம் அந்த நச்சை அங்கேயே விளைவிக்கிறது. அந்தப் பிணைப்பை அவிழ்க்க டொராண்டோவில் மைக்கேல் டிமியான்ஸ்கி உருவாக்கிய நெரினெட்டைடு என்ற சிறு பெப்டைடு, 1105 நோயாளிகளிடம் பரீட்சிக்கப்பட்டு 2020-இல் வெளியான முடிவில் மொத்தத்தில் பலன் தரவில்லை; ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து பெறாதவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது, ஏனெனில் அம்மருந்து தூண்டும் பிளாஸ்மின் இந்தப் பெப்டைடையே வெட்டிவிடுகிறது. கரைப்பு மருந்து பெறாதவர்களைக் கொண்டே பிறகு நடத்திய பரீட்சையிலும் அந்தப் பலன் உறுதிப்படவில்லை.